பாசி பிடிக்காத பீலி

பச்சை என்றால் அழுக்கு என்று எங்கள் ஆட்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவேன். இந்த வயதிலும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு பீலி. காட்டிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் ஒரு சிமெந்துத் தொட்டியில் நிறைந்து, அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் வழியாக வந்து விழும் இடத்தைத்தான் பீலி என்போம். குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அந்த ஒரு தண்ணீரில்தான். தொட்டியின் சுவர் முழுவதும் நூல் நூலாகப் பாசி படர்ந்திருக்கும். வெயில் ஏறும் நேரத்தில் அந்த நூல்களில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மினுங்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே நின்று பாடசாலைக்குப் பிந்திப் போய் அடி வாங்கியிருக்கிறேன்.

அம்மா பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்குமுன், கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். அவர்கள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மாதான் அம்மா. தொட்டில் ஆட்டுவதும், மூக்குத் துடைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், பால்மாவைக் கரைத்துக் காய்ச்சிப் புகட்டுவதும் அவள் வேலை. அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அந்த வேலையில் இருந்துதான் என்னை ஹட்டனில் படிக்க வைத்தாள்.

பால் காய்ச்சுவதற்குத் தோட்டம் ஒரு பித்தளை அண்டா கொடுத்திருந்தது. உள்ளே ஈயம் பூசிய அண்டாதான். ஆனால் வருஷக்கணக்கில் தேய்ந்து, அங்கங்கே மஞ்சள் தெரிய ஆரம்பித்திருந்தது. ஈயம் போகப் போகப் பித்தளையில் களிம்பு ஏறும், ஏறினால் அது விஷம் என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஈயம் பூச ஆள் அனுப்புங்கள் என்று அம்மா ஆபீஸில் இரண்டு தடவை கேட்டாள். இந்தா வருகிறான், அந்தா வருகிறான் என்றார்கள். வரவில்லை. அம்மா தினமும் புளியைப் போட்டு அண்டாவைத் தேய் தேய் என்று தேய்ப்பாள்.

நான் ஹட்டனில் பெரிய பரீட்சை வரை படித்தேன். தாவரவியல்தான் எனக்குப் பிடித்த பாடம். தேயிலை ஆராய்ச்சி செய்யும் இடத்தில் உதவியாள் வேலை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுதினேன். படிவத்தில் மூன்றாவது கேள்வி, நீ இந்த நாட்டுப் பிரஜையா என்பது. என் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து, காட்டை வெட்டி, தேயிலையை நட்டு, அந்தத் தேயிலைக்கு அடியிலேயே புதைக்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனாலும் நாற்பத்தெட்டாம் வருஷத்துச் சட்டப்படி நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கே ஆசிரியனாக வந்து சேர்ந்தேன். ஒரே அறை, ஒரே ஆசிரியன். எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இனி சொல்லப்போவதில் அந்தத் தலைக்கனத்துக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு வருஷமும் மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் எல்லோரும் கூடிப் பீலியைக் கழுவுவார்கள். கரகம் பாலிக்க, அதாவது கரகத்தில் நீர் நிறைத்து அம்மனை எழுந்தருளச் செய்ய, எடுக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். தேங்காய் மட்டையாலும் சாம்பலாலும் தொட்டியைத் தேய்த்துப் பாசியை வழித்து வாரிக் கொட்டுவார்கள். பத்துப் பதினைந்து நாளில் அது திரும்பவும் படர்ந்துவிடும். பெண்கள் திட்டிக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் பாசி திரும்பி வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. தொட்டிச் சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருந்தது. லயமே பூரித்துப்போனது.

“மாரியம்மா கண் தொறந்துட்டா மாஸ்டர். இந்த வருசம் கரகம் பாலிச்ச நேரம் அப்படி,” என்று கோயில் தலைவர் என்னிடம் சொன்னார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மேற்பார்வைக்கு வந்தவர் குதிரையிலிருந்து இறங்கிப் பார்த்து, மற்ற லயங்களும் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுகாதாரப் பாடம் என்று சொல்லி என் மாணவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய், பாருங்கள், இதுதான் சுத்தமான தண்ணீர் என்று காட்டினேன். தாவரவியல் படித்தவன்! ஓடும் தண்ணீரில், வெயில் படும் இடத்தில், ஒரு மாதமாக ஒரு பச்சைக் கீற்றுக்கூட முளைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டியவன். எனக்குச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அந்த மாதம்தான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் வாந்தி எடுக்கத் தொடங்கின. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் குமட்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவளும். முதலில் இரண்டு மூன்று குழந்தைகள், பிறகு பாதிக்குப் பாதி. ஒரு கைக்குழந்தை மிகவும் சோர்ந்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து பிழைத்தது. பெரியவர்களுக்கும் வயிற்று வலி இருந்தது. ஆனால் கொழுந்து பறிப்பவளின் வயிற்று வலியை யார் பொருட்படுத்துவார்கள்? வலித்தால் ஒரு சொம்பு பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்கு ஏற வேண்டியதுதான்.

தோட்டத்து மருந்தாளர் வந்து பார்த்தார். குழந்தையின் வாந்தியைப் பார்த்தார். பிறகு அண்டாவைக் குனிந்து பார்த்து, உள்ளே விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

“களிம்பு,” என்றார். “இது செம்பு விஷம். ஆயா பாத்திரத்த ஒழுங்கா தேய்க்கல.”

அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். செம்பு விஷம்தான். அந்தச் செம்பு எங்கிருந்து வந்தது என்று தலையை நிமிர்த்தி ஓடையைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. குனிந்தால் ஒரு கிழட்டு அண்டாவும் பக்கத்தில் ஒரு ஆயாவும் கையில் கிடைத்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை உள்ளே மேசையில் இருந்தார். கண்டாக்கு, அதாவது மலை வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், வாசற்படியில் நின்று கேள்வி கேட்டார். அம்மா கீழே முற்றத்தில் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

“ஒவ்வொரு நாளும் புளி போட்டுத் தேய்ச்சியா ஆயா?” என்று கண்டாக்கு கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த முற்றத்தில் நின்றவர்களில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அம்மா யோசித்தாள். நிஜமாகவே நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

“ஒரு நா விட்டுப்போச்சுங்க ஐயா. புளி தீந்துபோச்சு. சாம்பல் போட்டுத்தான் தேய்ச்சேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?” என்று கண்டாக்கு கூட்டத்தைப் பார்த்தார்.

அவ்வளவுதான். வேலை போயிற்று. பிள்ளைக்காம்பரா வாசலில் இனிமேல் காலடி வைக்கக் கூடாது, நாளைக்கே கொழுந்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஈயம் பூச ஆள் கேட்டு இரண்டு தடவை வந்தாளே, அதை யாரும் பேசவில்லை. நான் பேசினேன். “மாஸ்டர், நீங்க பள்ளிக்கூடத்தப் பாருங்க,” என்றார் கண்டாக்கு. டிக்கோயாவில் கிடந்த குழந்தையின் தாய், முந்தின வாரம் வரை அம்மாவை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவள், அன்று அம்மாவின் காலுக்கு முன்னால் காறித் துப்பிவிட்டுப் போனாள். அவளைக் கோபித்து என்ன செய்ய? அவள் பிள்ளை அவளுக்கு.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் விடாமல் அடித்தது. புதிய ஆயா ஒருத்தி வந்தாள். புதிய அலுமினியப் பானை வந்தது. வாந்தி நின்றது.

அம்மா போனாள், வாந்தி நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? லயம் முழுவதும் அதையே பேசியது. அம்மாவும் அதையே பேசினாள். அடுப்படியில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒரு நாள்ல இம்புட்டு வெசம் ஏறுமா சாமி?” என்று என்னிடம் கேட்டாள். நான் எழுந்து வெளியே போனேன். என் அம்மாவைப் பற்றி என் மனதிலும் ஒரு சந்தேகம் இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இவ்வளவு கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

மழை கொஞ்சம் விட்ட ஒரு மாலையில் ஓடையோடு மேலே ஏறிப் போனேன். தொட்டிக்கு மேலே, ஓடை வளையும் இடத்தில், ஒரு பெரிய தகரப் பீப்பாய் இருந்தது. அதைச் சுற்றிக் கல்லெல்லாம் வெளிர் நீலமாகக் கறை பிடித்திருந்தது. தேயிலையில் கொப்புள நோய் பரவிய காலம் அது. இலைக்கு அடிக்கச் செம்பு மருந்து என்று ஒரு தூள் வந்திருந்தது. அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு, மருந்தடிக்கும் ஆட்களை ஓடைக்கரையிலேயே பீப்பாயை வைக்கச் சொன்னவர் கண்டாக்கு. மிச்சத்தைக் கொட்டுவதும் வாளியைக் கழுவுவதும் அந்த ஓடையில்தான். அந்தத் தண்ணீர்தான் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து பீலிக்கு, பீலியிலிருந்து பால் அண்டாவுக்கு. அடை மழையில் மருந்து இலையில் நிற்காது என்பதால் மழை தொடங்கியதிலிருந்து மருந்தடி நின்றிருந்தது. அதனால்தான் வாந்தியும் நின்றது.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியது போதாது. என்னைப் போன்றவன் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? கண்ணால் காட்ட வேண்டும்.

பாசியின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. பாசி அம்மாவின் அண்டாவைத் தொட்டதே இல்லை. தண்ணீர் அண்டாவுக்கு வருமுன்பே தொட்டியில் பாசி செத்திருந்தால், விஷம் அண்டாவில் இருந்து வந்ததல்ல.

புண் கழுவ மருந்தறையில் ஒரு மருந்து கொடுப்பார்கள். புண்ணில் பட்டதும் பொங்கும். லயத்தில் அதற்கு நுரை மருந்து என்று பெயர். உயிருள்ள எதன் மேல் விட்டாலும் அது நுரைக்கும் என்று ஹட்டனில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் காட்டியிருந்தார்கள். உயிருள்ள கலங்களுக்குள் அந்த நுரை மருந்தேதான் ஒரு நஞ்சாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டிருக்கும். அதை உடனுக்குடன் உடைத்துத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் ஆக்க ஒரு நொதியம் உண்டு. அந்தப் பிராணவாயுதான் நுரை. நொதியம் எவ்வளவோ, நுரை அவ்வளவு.

காலில் புண் என்று பொய் சொல்லி ஒரு போத்தல் நுரை மருந்து வாங்கினேன். மூன்று இடத்தில் பாசி எடுத்தேன். பீப்பாய்க்கு மேலே, மருந்தே படாத ஓடையில் ஒரு பிடி. பீப்பாய்க்கு எதிர்க்கரையில், தெறிக்கும் துளி மட்டும் விழும் ஒரு கல்குழியில் ஒரு பிடி. பீலித் தொட்டியின் மூலையில் வெளுத்துப்போய் வழவழவென்று ஒட்டியிருந்ததில் ஒரு பிடி. பாடசாலை மேசையில் மூன்று கண்ணாடிப் போத்தல்களை வைத்து, சிரட்டைத் துண்டால் சம அளவு அள்ளிப் போட்டு, நுரை மருந்தை ஊற்றி, அடிமட்டத்தால் நுரையின் உயரத்தை அளந்தேன்.

தொட்டிப் பாசி நுரைக்கவே இல்லை. அது நான் எதிர்பார்த்ததுதான். மேல் ஓடைப் பாசி ஒரு விரற்கடை நுரைத்தது. கல்குழிப் பாசியோ போத்தலின் கழுத்து வரை பொங்கி வழிந்தது. மருந்து பட்ட பாசிக்கு நல்ல பாசியைவிட அதிக நுரையா? இதைக் கொண்டுபோய்க் காட்டினால், செம்பு மருந்து பட்டால் பாசி கொழிக்கிறது என்று கண்டாக்கு சொல்லிவிட்டுப் போவார். மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியேதான்.

பிறகு வேறு வழியில் பார்த்தேன். மேல் ஓடையின் நல்ல பாசியை ஒரு வாய் அகன்ற போத்தலில் போட்டு, பீப்பாயின் அடியில் கிடந்த மருந்துத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து நன்றாக நீர்க்க வைத்து ஊற்றி, ஜன்னலோரம் வைத்தேன். தினமும் ஒரு சிரட்டைத் துண்டளவு எடுத்து நுரை பார்த்தேன். இரண்டாம் நாள் நுரை கூடியது. மூன்றாம் நாள் இன்னும் கூடியது, ஆனால் பாசியின் நிறம் மஞ்சளித்தது. நான்காம் நாள் குறைந்தது. ஆறாம் நாள் போத்தலில் வெள்ளைச் சளி மட்டும் கிடந்தது. ஒரு குமிழி இல்லை.

இப்போது விளங்கியது. செம்பு உள்ளே போகப் போகக் கலத்துக்குள் தானாக ஊறும் அந்த நஞ்சு கூடுகிறது. எழுந்து ஓட முடியாத பாசி தன்னிடம் இருக்கிற ஒரே வேலையைச் செய்கிறது, நொதியத்தை இரட்டிப்பாக்கி அந்த நஞ்சை உடைக்கிறது. அதனால்தான் நுரை கூடுகிறது. அது செழிப்பு இல்லை, அடி வாங்குகிறவன் திருப்பித் தள்ளுகிற தள்ளு. ஓர் அளவுக்கு மேல் போனால் அந்த நொதியமும் கெட்டுவிடும், பாசி வெளுத்துவிடும். கல்குழியில் இருந்தது இன்னும் போராடிக்கொண்டிருந்த பாசி. தொட்டியில் இருந்தது தோற்றுப்போன பாசி. அந்தத் தோல்வியைத்தான் சுத்தம் என்று நாங்கள் கொண்டாடினோம், நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டினேன்.

மழை விட்டது, மறுநாள் மருந்தடி திரும்பவும் தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும் மூன்று போத்தல்களோடு ஆபீஸுக்கு ஓடினேன். துரை என்னை உள்ளே வரச் சொன்னார். கண்டாக்கும் இருந்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கிக்கொண்டே நுரை மருந்தை ஊற்றினேன்.

“என்னா மாஸ்டர், சோடாக் கடை போடப்போறீங்களா?” என்று கண்டாக்கு தமிழில் கிண்டல் செய்தார்.

துரை சிரிக்கவில்லை. நடுப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பு மருந்து பட்டதில் ஏன் அதிகம் பொங்குகிறது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். என்னை இரண்டு நாள் தூங்கவிடாத கேள்வியை அந்த மனிதர் ஒரு பார்வையில் கேட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலோரப் போத்தலின் ஆறு நாள் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை என்று இன்றைக்கு யாராவது பரிந்து பேசினால் அவர்கள் வாயை மூடச் சொல்வேன். நான் பார்த்தேன். முழுக்கப் புரிந்தது.

பிறகு அவர் கேட்டார்: இதை வேறு யாரிடமாவது காட்டினாயா?

இல்லை, உங்களிடம்தான் முதலில் கொண்டுவந்தேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

நல்லது, போத்தல்களை இங்கேயே விட்டுப் போ என்றார்.

மறுநாள் காலையில் பீப்பாய் பழைய இடத்தில் இல்லை. பீலிக்கு வெகு தூரம் கீழே, ஓடை தோட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஒரு காகிதம் இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை. பீப்பாயை மாற்றியது ஏன் என்று மருந்தடிக்கும் ஆட்களுக்கே தெரியாது. கீழே இருக்கிற சிங்களக் கிராமத்தார் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பது பற்றியும் யாரும் கவலைப்படவில்லை. நான் அப்போது கவலைப்பட்டேனா? அம்மாவைத் தவிர என் புத்தியில் வேறு ஒன்றும் இல்லை. அந்த வெட்கம் தனி.

நான் கண்டாக்கிடம் போனேன். “பீப்பாய மாத்திட்டீங்க. அப்ப எங்கம்மா மேல தப்பு இல்லன்னு சொல்லணும்ல?”

“பீப்பாய மாத்தியாச்சு. இன்னும் என்னா வேணும் ஒங்களுக்கு?”

“வேல வேணாங்க. ஆயா மேல பழி இல்லன்னு பெரட்டுல ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்.”

“எந்தப் பழி மாஸ்டர்? ஆயாவே அவங்க வாயால சொன்னாங்க. நான் சொல்லலையே.”

பழியை அவள் தலையில் கட்டிவிட்டு, முடிச்சும் அவளே போட்டாள் என்கிற சாமர்த்தியம்! என் கை ஓங்கியதும் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அடித்திருக்க வேண்டும். அடித்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், இருந்த ஒற்றை அறையும் போயிருக்கும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவன் அந்த அறையையும் விட்டு எங்கே போவான்? அதெல்லாம் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. கையை இறக்கிக்கொண்டேன்.

இதில் என்னை அறுக்கும் விஷயம் வேறு. பீப்பாய் அந்த இடத்திலேயே இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால், புதிய ஆயாவின் புதிய அலுமினியப் பானையில் காய்ச்சிய பாலைக் குடித்தும் குழந்தைகள் வாந்தி எடுத்திருக்கும். அம்மாமேல் தப்பில்லை என்று லயத்துக்கே விளங்கியிருக்கும். நான் போய்ச் சொன்னதால் பீப்பாய் போயிற்று, வாந்தி திரும்பி வரவே இல்லை. அம்மா போனாள், வாந்தி நின்றது என்ற பேச்சு என் கையாலேயே உறுதியாயிற்று. சொல்லாமல் இருந்திருக்க முடியுமா? குழந்தைகள் துவள்வதைப் பார்த்துக்கொண்டு என் அம்மாவின் பேருக்காகக் காத்திருக்க முடியுமா? முடியாது. முடியாது என்று தெரிந்தும் பல நாள் அதை நினைத்திருக்கிறேன்.

தொழிற்சங்கத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒருவர் வந்தார். அதற்குள் தொட்டியில் பாசி திரும்பவும் பச்சைப்பசேல் என்று படர்ந்துவிட்டது. தண்ணீர் சரியாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“இம்புட்டு அழுக்க வச்சிக்கிட்டு தொரைய கொற சொன்னா எப்புடி மாஸ்டர்? மொதல்ல இதக் கழுவுங்க.”

பெண்கள் அவர் முன்னால் வெட்கப்பட்டு, தேங்காய் மட்டையை எடுத்துக்கொண்டு வந்து தேய்க்கத் தொடங்கினார்கள். அதை விடுங்கள், அது உயிரோடு இருக்கிறவரைதான் நீங்களும் பிழைப்பீர்கள் என்று நான் தொட்டியின் மேல் ஏறி நின்று கத்தினேன். மாஸ்டருக்குத் தாயை நினைத்து மூளை கலங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் தேய்த்து முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

சில வருஷம் கழித்து டிக்கோயாப் பக்கம் வேறொரு தோட்டத்துப் பாடசாலையில் இடம் கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். அம்மா குழந்தையைக் குளிப்பாட்டுவாள், தூக்கிக்கொண்டு நடப்பாள், தாலாட்டுவாள். ஊட்ட மாட்டாள். பாலோ கஞ்சியோ, அவள் கையால் ஒரு சொட்டுக் கொடுக்க மாட்டாள். “நீ ஊட்டும்மா, எனக்குக் கை நடுங்குது,” என்று என் மனைவியிடம் சொல்லித் தப்பித்துக்கொள்வாள். தன் சொந்தச் சாப்பாட்டுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

மகளுக்கு இரண்டு வயதாகும்போது ஒரு நாள் என் மனைவி தன் தாய்வீட்டுக் காரியமாகக் காலையிலேயே போயிருந்தாள். சோறு வடித்து, பருப்புக் கடைந்து, எல்லாம் மூடி வைத்துவிட்டுத்தான் போனாள். பாடசாலை விட்டு இரண்டு மணிக்கு நான் வந்தபோது குழந்தை அழுது அழுது ஓய்ந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் அம்மாவும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றுச் சட்டி திறக்கப்படவே இல்லை.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்ல முடியாது. பத்து வருஷமாகத் துரைமேல் காட்ட முடியாததை, கண்டாக்குமேல் காட்ட முடியாததை எல்லாம் அவள்மேல் காட்டினேன். “எத்தன தடவ சொல்றது ஒனக்கு? அது பீப்பாய்த் தண்ணி! பாசியே செத்துப்போச்சு, நான் போத்தல்ல போட்டுப் பாத்தேன்! ஒன் கை இல்லம்மா அது!” என்று கத்தினேன்.

“நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி,” என்றாள். “ஆனா நான் போனதுக்கப்புறந்தானே புள்ளைங்களுக்கு நல்லாச்சு.”

நான் சட்டியைத் திறந்து தட்டில் சோறு போட்டுப் பருப்பை ஊற்றினேன். அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்துச் சோற்றில் வைத்தேன். அவள் விரல்கள் பழக்கத்தில் தானாகவே பிசைந்தன, ஒரு சின்ன உருண்டை பிடித்தன. எத்தனை பிள்ளைகளுக்கு ஊட்டிய விரல்கள். குழந்தை எழுந்து உட்கார்ந்து, ஆ என்று வாயைத் திறந்தது. கை குழந்தையின் உதடு வரை போயிற்று. அங்கே நின்றது. பிறகு அம்மா அந்த உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எழுந்து, கையைக் கழுவப் போனாள். குழந்தை வாயைத் திறந்தபடியே அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் ஊட்டினேன்.